போக்குவரத்து அமைச்சு: எது அதன் வேலை, எது இல்லை?

ஆசிரியர்களே, மாணவர்களே, "சாலையில் குழி இருந்தால் எந்த அமைச்சு பொறுப்பு?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "போக்குவரத்து அமைச்சு"ன்னு பலர் சொல்வாங்க. தேர்வில் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். கூட்டரசுச் சாலைகளைக் கட்டிப் பராமரிக்கும் ஜே.கே.ஆர். (பொதுப்பணி இலாகா), பொதுப்பணி அமைச்சின் கீழ் இருக்கிறது. நெடுஞ்சாலை வாரியமும் அங்கேதான். சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சாமிவேலுவை நாம் சாலைகளோடு சேர்த்து நினைப்பதும் அதனால்தான். அவர் வகித்தது பொதுப்பணி அமைச்சர் பதவி.

அப்படியென்றால் போக்குவரத்து அமைச்சு என்ன செய்கிறது? சுருக்கமாக: கொள்கை வகுக்கும், உரிமம் கொடுக்கும், விதியை மீறினால் நடவடிக்கை எடுக்கும். தரை, ரயில், கடல், வான் நான்கும் அதன் பொறுப்பு.

தைப்பிங் ரயில் நிலையத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நம் நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் (இன்றைய கோலா செபெத்தாங்) இடையே திறக்கப்பட்டது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு போக, இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்கள் அமைத்த பாதை அது. அன்று பாதை போடுவதும் ரயில் ஓட்டுவதும் அரசாங்கமே. இன்று வேலை பிரிந்திருக்கிறது:

• தண்டவாளம், நிலம், நிலையம்: ரயில்வே சொத்துடைமைக் கழகம் (அமைச்சின் கீழ்)
• ரயிலை ஓட்டுவது: கே.டி.எம். (1992 முதல் அரசுக்குச் சொந்தமான நிறுவனம்)
• கொள்கை: போக்குவரத்து அமைச்சு

சாலையிலும் இதே பிரிவுதான். வாகனப் பதிவு, ஓட்டுநர் லைசன்ஸ், சாலை வரி இவை ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) வேலை. தீபகற்பத்தில் பேருந்து, பள்ளிப் பேருந்து, லாரி இயக்க உரிமம் 'அபாட்' வேலை. இது 2019 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. விபத்து ஆய்வு செய்வது 'மீரோஸ்'. மூன்றும் போக்குவரத்து அமைச்சின் கீழ். சம்மன் கொடுக்கும் போலீஸ் மட்டும் உள்துறை அமைச்சு!

இதெல்லாம் மனப்பாடம் செய்யும் பட்டியல்தானே என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து, தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. அதில் நாளைக்கு நம்மோடு பாடம் நடத்தியிருக்க வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பேருந்தின் உரிமம் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது தெரிய வந்து, அபாட் அதை ரத்து செய்தது. அமைச்சு விசாரணைக் குழு அமைத்தது. கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. உரிமம் என்பது வெறும் காகிதம் இல்லை, பாருங்கள்.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிக்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். உரிமம் யார் பெயரில், பரிசோதனை எப்போது செய்தது என்றும் கேளுங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் காணும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அமைச்சு பொறுப்பு என்று எதிரே குறியுங்கள். அடுத்த தடவை தேர்வில் குழப்பம் வராது.