நெருப்புக்காய்ச்சலும் மரக்கறித் தோட்டமும்

வல்லாரையும் சலாதும் பச்சையாகவே உண்ணப்படுவன. அவற்றை மலத்தால் மாசடைந்த வாய்க்கால் நீரிற் கழுவிக் கட்டுக்கட்டிச் சந்தைக்கு அனுப்பினால், நெருப்புக்காய்ச்சற் கிருமியும் உடன் செல்லக்கூடும். சல்மனெல்லா தைபி என்னும் இப்பற்றீரியா மனிதரிடத்தன்றிப் பிற விலங்குகளிடத்து நிலைத்து வாழ்வதில்லை. ஆதலால் இந்நோய்க்கு மாட்டெருவைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆராயவேண்டியது மனித மலமே.

உட்சென்ற கிருமி சிறுகுடலின் கடைப்பகுதியிலுள்ள பேயர் திட்டுகளுட் புகுகின்றது. இவையும் நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் உடலின் காவலிடங்களாகும். கிருமியை அடையாளங் காணுங் கலங்களும், அதனை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை ஆக்குங் கலங்களும் இவற்றில், மேடைப் பாத்திகளில் வகைவகையாக நாற்றுகள் நிற்பதுபோலத் தத்தம் பகுதியில் அமைந்துள்ளன. இவ்வொழுங்கினாலேயே ஒரு கலம் மற்றதற்கு உரிய வேளையிற் செய்தி கொடுக்கின்றது.

இக்கிருமியோ தன்னை விழுங்கிய கலத்தினுள்ளேயே பெருகுகின்றது. இதற்கு நெருங்கிய மற்றொரு சல்மனெல்லாவைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி ஆராய்ந்தபோது, கலங்களை உரிய இடத்துக்கு அழைக்கும் இரசாயனப் பொருள்கள் நிணநீர்க்கணுவிற் குறைந்து, பகுதிகள் குலைந்தமை 2009 இல் வெளியிடப்பட்டது. சிறந்த பிறபொருளெதிரிகள் உருவாதலும் இத்தகைய தொற்றில் தாமதிக்கின்றது. வரம்பு உடைந்த வயலில் நீர் நிற்குமா?

மனிதரிற் பேயர் திட்டுகள் வீங்கி, சிகிச்சை பெறாவிடின் அழிந்து புண்ணாகின்றன. மூன்றாம் வாரமளவில் அப்புண்களிலிருந்து குருதி பெருகலாம். குடல் துளைபட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். 1896 இல் வீடால் அமைத்த குருதிப் பரிசோதனை பிறபொருளெதிரிகளைத் தேடுவதாகும். முதல் வாரத்தில் அவை போதிய அளவில் இராமையால், அப்பொழுது நோயில்லையென்று காட்டினும் அதை நம்பியிருத்தல் தகாது. காய்ச்சல் நீடித்தால் வைத்தியசாலைக்குச் சென்று, குருதியிற் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்வித்தல் வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர், இது பெருந்தவறு. கலங்களுள் மறைந்திருக்குங் கிருமி மீண்டுந் தலைகாட்டும்.

குணமானவருள் 100 பேருக்கு 1 முதல் 5 பேர் வரை, பித்தப்பையிற் கிருமியைத் தாங்கி, ஓராண்டுக்கு மேலும் மலத்தோடு வெளிவிடுவர். இவர்கள் நலமாகவே தோன்றுவர். தோட்டத்திற் களைபிடுங்குவர், கீரையுங் கழுவுவர்.

ஆகவே மலகூடத்தைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட அமைத்தல் வேண்டும். கீரையைக் குளோரீன் இட்ட சுத்த நீரிலேயே கழுவவேண்டும். இந்நோயினின்று எழுந்தவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு மலப் பரிசோதனை செய்வித்து, கிருமி இல்லையென்று தெளிந்த பின்னரே அவ்வேலையிற் கைவைத்தல் நன்று.