ஈரியல்புப் பொருள்கள்

அமிலம் ஒரு கட்சி, காரம் எதிர்க்கட்சி, இரண்டுக்கும் ஒட்டு உறவில்லை என்று உங்களில் பலர் எண்ணுகிறீர்கள். அடி அண்ணாமலையில் என் இல்லத்துக்குப் பாடம் கேட்க வரும் பிள்ளைகளும் அப்படியே சொல்வதுண்டு. ஆனால் அமிலத்தோடு சேரும்போது காரமாகவும், காரத்தோடு சேரும்போது அமிலமாகவும் நடந்துகொள்ளும் பொருள்களும் உள. அவற்றை ஈரியல்புப் பொருள்கள் என்கிறோம்.

ஆசிரியர் உடனிருக்க, இதைச் செய்து பாருங்கள். படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். கஞ்சிபோல் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். அதுவே அலுமினியம் ஹைட்ராக்சைடு. அதை இரு சோதனைக் குழாய்களில் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் கரைந்துவிடும். மற்றதில் மேலும் காஸ்டிக் சோடாவை விட்டால் அதுவும் கரைந்துவிடும்! முன்னதில் அது அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று நீரை உண்டாக்கிற்று, ஆகவே காரம். பின்னதில் ஹைட்ராக்சைடு அயனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு அலுமினேட் ஆயிற்று, ஆகவே அமிலம். துத்தநாகம், வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றின் ஆக்சைடுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இது வெறும் ஆய்வுக்கூட வேடிக்கையன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் என்னும் தாது உண்டு. அதில் அலுமினியச் சேர்மத்தோடு இரும்பு ஆக்சைடும் கலந்திருக்கும். இவற்றைப் பிரிப்பது எங்ஙனம்? காஸ்டிக் சோடாக் கரைசலில் மிகுந்த அழுத்தத்தில் சூடாக்கினால், ஈரியல்புடைய அலுமினியப் பகுதி கரையும்; இரும்பு ஆக்சைடு கரையாது, செஞ்சேறாகத் தங்கிவிடும். 1880-களின் இறுதியில் பாயர் என்னும் வேதியியலார் கண்ட முறை இது. 1960-களில் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலை, 2008-இல் உற்பத்தியை நிறுத்தும்வரை இம்முறையையே நம்பியிருந்தது. செஞ்சேற்றில் காரம் எஞ்சியிருப்பதுதான் இதிலுள்ள இடர். 2010-இல் ஹங்கேரியின் ஆய்கா நகரருகே இத்தகைய சேற்றுத் தேக்கம் உடைந்து பத்துப் பேர் மாண்டனர்.

அலுமினியப் பாத்திரத்தின்மீது கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டு. உள்ளிருக்கும் உலோகத்துக்கு அதுவே காவல். அப்படலமும் ஈரியல்புடையது. புளிக்குழம்பை அதில் வைக்கலாகாது என்பதை நம் தாய்மார் நன்கறிவர். ஆயினும் கரி போகவேண்டும் என்று அதே பாத்திரத்தில் சலவைச் சோடாவைக் கொதிக்க வைப்போரும் உளர்! புளி அரிப்பதைவிட விரைவாகச் சோடா அரிக்கும்.

குழாய் அடைப்பை நீக்க விற்கும் தூளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். அதை அலுமினியக் கிண்ணத்தில் கரைத்தால் கிண்ணம் ஓட்டையாவதோடு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் எழும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு தூளைச் சிறிது சிறிதாக இடுங்கள்; கையில் உறை இருக்கட்டும்.