கழிவு நீருக்கு ஓர் இசைவாணை

நூலுக்குச் சாயம் வேண்டும். பயிருக்கு நன்னீர் வேண்டும். இவ்விரண்டும் ஒரே ஆற்றை நம்பியிருப்பதால், சாயத்தொட்டியின் நீர் எங்கே செல்கிறது என்பது நம் அங்கத்தினர் அனைவருக்கும் உரிய கேள்வியாகும்.

இதனை ஒழுங்கு செய்யவே 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அதற்கென வாரியம் 1982-இல் அமைந்தது. ஆலையை நிறுவுமுன் ஓர் இசைவும், இயக்குமுன் மற்றோர் இசைவும் பெறவேண்டும். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், எந்த வாய்க்கால் வழியே, என்னென்ன அளவுக்குள் வெளியேற்றலாம் என்பது இசைவாணையில் எழுதப்பட்டிருக்கும். கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நல்ல நீரை ஊற்றிக் கலந்தால் இந்த எண் குறைந்துவிடும், உப்பு குறையாது. லிட்டர்க் கணக்கையும் கேட்பதன் காரணம் இதுவே.

திருப்பூரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்த பின்னரும், சுண்ணாம்பு முதலியவற்றால் நிறம் தெளிந்ததே தவிர உப்பு நீங்கவில்லை. நொய்யலில் பாசனத்துக்கென 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்தனர். ஒரு சொட்டும் வெளியேறலாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28-ஆம் நாள் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி தீர்ப்பாயிற்று. உழவர் வென்றனர், ஆனால் பட்டறைக் கூலியாட்களின் அடுப்பு அணைந்தது. ஆரம்பத்திலேயே உப்பைக் கருதி இசைவு வழங்கியிருந்தால் இரு சாராருக்கும் இத்துன்பம் நேர்ந்திராது என்பதே நம் கருத்து. உப்பைப் பிரிக்கும் சவ்வுகளும் ஆவியாக்கும் கலன்களும் பின்னரே பரவலாக வந்தன.

பெருங்குடிக்கு வருவோம். முன்பு வயல்கள் இருந்த இடத்தில் இன்று மாடமாளிகைகள் நிற்கின்றன. அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புகிறது. 2022-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே சாயத்தைவிடச் சாக்கடையே பெரிய கவலை. சட்டமோ இரண்டையும் ஒன்றாகவே காண்கிறது: சாக்கடை நீரை ஓடையிலோ நிலத்திலோ விடுவோருக்கும் இசைவு தேவை.

அதிகாரி மாதிரி நீர் எடுப்பதற்கும் முறையுண்டு. உரிமையாளர் முன்னிலையில் இரு பங்காக்கி, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். முறை வழுவினால் அச்சோதனை வழக்கில் சாட்சியமாகாது. நல்ல வழக்குகள் இதனாலும் தோற்கக்கூடும்.

மற்றொன்று பலர் அறியாதது. நான்கு மாதங்களுக்குள் வாரியம் முடிவு கூறாவிடில், இசைவு தானே வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஆகவே புதிய ஆலை வருமெனக் கேள்விப்பட்டால் காலந் தாழ்த்தலாகாது. நிபந்தனைகள் எழுதிய பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும் என்றும், கழிவால் பாதிக்கப்படும் எவரும் அதனைப் பார்வையிடலாம் என்றும் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கூறுகிறது. வாரியத்தின் தலைமை அலுவலகம் கிண்டியில், அண்ணா சாலையில் உள்ளது. பெருங்குடியிலிருந்து அதிகத் தொலைவன்று.