பங்கு கிடைக்காத பையன்!

வீட்டுல நீங்க எத்தனையாவது பிள்ளை? அண்ணன் போட்ட சட்டை, அண்ணன் ஓட்டின சைக்கிள், அண்ணன் கிறுக்கி வெச்ச புத்தகம்னு வளர்ந்த ஆளா? அப்ப ராபர்ட்டை உங்களுக்குப் பிடிச்சுப்போகும். அவருக்கு மேல அஞ்சு அண்ணன்கள், கீழே ஆறு தம்பிகள். அக்கா, தங்கச்சி தனிக்கணக்கு!

பிரான்ஸின் வடமேற்குக் கரையில் இருக்கிறது நார்மண்டி. கப்பலேறி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகள், அங்கேயே தங்கி, பிரெஞ்சு பேசி, கிறிஸ்தவர்களாக மாறிய மண். அங்கே ஓத்வில் என்ற சின்ன ஊரின் பிரபு டான்க்ரெட். பிரபுதான்... ஆனா பெரிய கை இல்லை. முதல் மனைவி மூலம் அஞ்சு பையன்கள். அவர் இறந்ததும் கட்டிய இரண்டாவது மனைவி ஃப்ரெசெண்டா மூலம் ஏழு. அந்த ஏழில் மூத்தவர்தான் 1015 வாக்கில் பிறந்த நம்ம ராபர்ட். கடைக்குட்டி ரோஜர்.

பன்னிரண்டு பேருக்கும் குதிரையேற்றம், வாள்வீச்சு எல்லாம் கத்துக்கொடுத்தாச்சு. பிரிச்சுக் கொடுக்கத்தான் நிலம் இல்லை! அக்கம்பக்கத்தில் அப்பா கண்ணை மூடியதும் பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்த்த மூத்த பையன்கள், ‘நமக்கு இந்த வம்பே வேணாம்’ என்று மூட்டை கட்டினார்கள். போய்ச் சேர்ந்த இடம், தெற்கு இத்தாலி.

அங்கே கான்ஸ்டான்டிநோபிள் பேரரசு ஒரு பக்கம், லொம்பார்டு இளவரசர்கள் இன்னொரு பக்கம், கடலைத் தாண்டினால் சிசிலியில் முஸ்லிம் அமீர்கள். ஓயாத சண்டை. கூலிக்கு வாள் வீச ஆள் வேணும். அப்படிக் கூலிக்குப் போன மூத்த அண்ணன் ‘இரும்புக் கை’ வில்லியம், 1042-ல் அபூலியா பகுதி நார்மன்களுக்கே தலைவராகிட்டார். அவருக்குப் பிறகு அடுத்த அண்ணன் ட்ரோகோ.

‘அண்ணன் செட்டிலாயிட்டார், நமக்கும் ஏதாவது தேறும்’ என்று 1047 வாக்கில் ராபர்ட் வந்து நின்றார். கூட அஞ்சு குதிரை வீரர்கள், முப்பது காலாட்கள். ட்ரோகோ நிலம் தரலை. கலாப்ரியா மலைப்பக்கம் ஒரு கோட்டையைக் காட்டி, ‘முடிஞ்சா பிழைச்சுக்கோ’ என்கிற மாதிரி அனுப்பிவிட்டார். ராபர்ட் பிழைத்தார்... மாடு திருடி, ஆள் கடத்திப் பணம் பறித்து! ‘கிஸ்கார்டு’ என்ற பட்டப்பெயர் சும்மா வரலை. தந்திரக்காரன் என்று அர்த்தம்.

தந்திரத்துக்கு மயங்கிய ஒரு நார்மன் பிரபு, தன் அத்தை ஆல்பெராடாவை அவருக்குக் கட்டிவைத்தார். கல்யாணச் சீர் என்ன தெரியுமா? 200 குதிரை வீரர்கள்! அதன் பிறகு ராபர்ட்டின் கிராஃப் ஏறுமுகம். 1053-ல் சிவிடாட்டே போரில் போப் ஒன்பதாம் லியோவின் படையையே நார்மன்கள் முறியடித்தபோது அவரும் களத்தில் நின்றார். 1059-ல் இன்னொரு போப், இரண்டாம் நிக்கோலஸ், அவரை அபூலியாவுக்கும் கலாப்ரியாவுக்கும் டியூக் ஆக்கினார். கைக்கு வராத சிசிலிக்கும் சேர்த்துப் பட்டம் கட்டினார்!

பங்கு கிடைக்காத பையனுக்கு இப்ப ஒரு நாடே கிடைச்சாச்சு. இதுக்கு நடுவுல அவர் செய்ததைப் பாருங்க.

1057-ல் இறந்த அண்ணன் ஹம்ஃப்ரி, தன் சின்னப் பையன் அபெலார்டை ராபர்ட்டை நம்பித்தான் விட்டுப்போனார். சித்தப்பா அந்தப் பையனின் சொத்தைச் சுருட்டிக்கொண்டார். அடுத்த வருடமே, ‘நமக்குள்ள ரத்த உறவு இருக்கு, இந்தக் கல்யாணம் செல்லாது’ என்று ஆல்பெராடாவை விலக்கிவிட்டு, சலேர்னோ இளவரசி சிகெல்கைட்டாவைக் கட்டினார். ஆல்பெராடாவின் மகன் பொஹிமண்ட் ஒரே நாளில் வாரிசு வரிசையிலிருந்து அவுட். பிற்பாடு சலேர்னோவை மச்சானிடமிருந்தே பிடுங்கினது தனிக்கதை.

கடைக்குட்டி ரோஜர் கதையும் இதேதான். அண்ணனை நம்பி வந்தவருக்கு வாக்குக் கொடுத்த நிலம் வரலை. குதிரை திருடித்தான் வயிற்றைக் கழுவினார். பெரிய ஆளான பிறகு, ‘அதையும் மறைக்காம எழுதுங்க’ என்று தன் வரலாற்றை எழுதிய துறவியிடம் ரோஜரே சொன்னாராம்!

1062-ல் அண்ணன் தம்பிக்குள் போரே வெடித்தது. தம்பி பக்கம் சாய்ந்த ஜெராச்சே ஊருக்குள் ராபர்ட் மாறுவேஷத்தில் நுழைந்து, வசமா மாட்டிக்கொண்டார். ஊரே கொல்லத் துடித்தது. ரோஜர் ஓடி வந்தார். ‘அவரை என்கிட்ட விடுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று கேட்டு வாங்கியவர், எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டார். ரெண்டு பேருக்கும் கண்ணீர். தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராபர்ட்டின் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அதற்குப் பிறகுதான் கலாப்ரியாவில் பங்கு பிரிந்தது.

சேர்ந்தவர்கள் சும்மா இருக்கலை. 1072-ல் சிசிலியின் பெரிய நகரமான பலேர்மோ அவர்கள் கையில். 1081-ல் ராபர்ட் கடல் தாண்டி, இன்றைய அல்பேனியாவின் டுர்ரஸ் அருகே பேரரசர் அலெக்ஸியஸையே தோற்கடித்தார். அந்தப் போரில் நார்மன் வீரர்கள் சிலர் பின்வாங்கி ஓட, கவசம் போட்டுக்கொண்டு ஈட்டியோடு துரத்தி, திட்டித் திருப்பி அனுப்பியவர் சிகெல்கைட்டா! இதை எழுதிவைத்தது யார் தெரியுமா? தோற்ற பேரரசரின் மகள், அன்னா கொம்னினா. ராபர்ட்டின் உயரம், தோள், இடிமுழக்கக் குரல் எல்லாவற்றையும் வியந்தே எழுதியிருக்கிறார். எதிரி வீட்டில் கிடைத்த பாராட்டு!

ஆனா எல்லாமே வீரக்கதை இல்லை. 1084-ல் போப் ஏழாம் கிரெகரியை மீட்கப் போன ராபர்ட்டின் படை, ரோம் நகரைச் சூறையாடி, எரித்துவிட்டுத்தான் திரும்பியது. அடுத்த வருடம், 1085 ஜூலை 17. மறுபடி கிரேக்கப் பக்கம் படையெடுத்துப் போனவர், கெஃபலோனியா தீவில் காய்ச்சலில் செத்துப்போனார். வயது எழுபது இருக்கும்.

டியூக் பட்டம் சிகெல்கைட்டாவின் மகன் ரோஜர் போர்ஸாவுக்கு. பொஹிமண்ட் என்ன செய்தார்? அப்பா செய்ததைத்தான். தம்பியோடு மோதி, கொஞ்சம் நிலம் வாங்கி, போதாமல் சிலுவைப் போருக்குக் கிளம்பி, 1098-ல் அந்தியோக்கியாவுக்கே அதிபதியானார். குதிரை திருடிய ரோஜரின் மகன் இரண்டாம் ரோஜர், 1130-ல் சிசிலியின் முதல் மன்னர். லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றும் புழங்கிய அரசவை அவருடையது.

இத்தாலியின் வெனோசா ஊரில் ஒரு பழைய மடாலயம் இருக்கு. ராபர்ட்டும் அண்ணன்களும் அங்கேதான் புதைக்கப்பட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து, அவர்கள் எலும்புகளை மொத்தமா அள்ளி ஒரே கல்லறையில் வைத்துவிட்டார்கள். நிலத்துக்காக நாடுவிட்டு நாடு போனவர்கள், கடைசியில் பங்கு பிரிக்காமல் ஒரே இடத்தில்!

அதே தேவாலயத்தில் இன்னொரு கல்லறையும் இருக்கு. அதில் தூங்குவது, ‘கல்யாணம் செல்லாது’ என்று விலக்கப்பட்ட ஆல்பெராடா.