உடைந்த முறுக்கு சொன்ன பாடம்

கிள்ளானில் வீட்டிலிருந்தே இணையத்தில் முறுக்கு விற்கிறேன். சென்ற தீபாவளிக்கு கூச்சிங்கிற்கு அனுப்பிய 10 டப்பாவும் நொறுங்கிப்போனது. "முழுசா ஒன்றுகூட இல்லை, தங்கச்சி" என்று படம் அனுப்பினார் ஓர் அக்கா. கூரியர் மீது பழிபோடலாம். ஆனால் காசு வாங்கியது நான்தானே?

அன்றிரவே மன்னிப்புக் கேட்டு, புதிதாகச் சுட்டு, என் செலவில் அனுப்பினேன். லாபம் போனது.

இப்போதெல்லாம் டப்பாவில் இடைவெளி விடாமல் அடுக்குகிறேன். பெட்டிக்குள் காகிதம் திணித்துக் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் வராவிட்டால்தான் ஒட்டுவேன். சபா, சரவாக்கிற்கு ஆர்டர் கொடுக்கும் கடைசித் தேதியை முன்பே அறிவிக்கிறேன். தாமதமானால், வாடிக்கையாளர் கேட்குமுன் நானே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தீபாவளிக்கு முதல் ஆர்டர் அந்த அக்காவுடையது. 20 டப்பா!