தேடும் சொல்லைத் தெரிந்து தேடுவோம்

சொந்த ஊரில் இருந்த காலத்தில் பயிரில் நோய் கண்டால் கேட்பதற்கு ஆட்கள் இருந்தனர். அயற்காணிக்காரர், வயது முதிர்ந்த கமக்காரர், கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தர் எனப் பலர் வரம்பில் நின்றே வழி சொன்னார்கள். இடம்பெயர்ந்து வேறொரு மண்ணில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு அந்தத் துணை குறைவு. செம்மண்ணில் கிணற்றுநீர் இறைத்துத் தோட்டம் செய்தவர்கள், பழக்கமில்லாத குளத்துநீர் வயலில் இறங்க வேண்டியிருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது, பிள்ளைகளின் கையிலுள்ள கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிறோம்.

தேடினால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் எது எமது பயிருக்கும் எமது நாட்டுக்கும் உரியது என்று தெரியாமல், முதலில் வந்ததை நம்பிவிடுகிறோம். கடன்பட்ட பணத்தில் பிழையான மருந்தை வாங்கித் தெளித்தால் ஒரு போகத்தின் உழைப்பே வீணாகிவிடும். ஆகவே சரியான சொற்களைக் கொண்டு தேடும் முறையை இங்கே விளக்குகிறோம்.

தேடுபொறி என்ன செய்கிறது?

கூகிள் போன்ற தேடுபொறி எமது வயலைப் பார்ப்பதில்லை. அது உலகெங்குமுள்ள இணையப் பக்கங்களை முன்கூட்டியே வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது இது. நாம் எழுதும் சொற்களை அந்த அட்டவணையில் பார்த்து, பொருந்தும் பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகிறது. ஒரே சொல்லை எழுதினால் அச்சொல் உள்ள பக்கங்கள் எல்லாம் வரும். பொருத்தமான சொற்களைச் சேர்க்கச் சேர்க்க, வேண்டாத பக்கங்கள் விலகிப்போகும்.

பயிர், பகுதி, அறிகுறி

"மிளகாய்" என்று மட்டும் தேடினால் சந்தை விலையும் சமையற் குறிப்பும் வரும். "மிளகாய் இலை சுருளல்" என்று எழுதினால் நோய் பற்றிய பக்கங்கள் வரும். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் எனப்படும் சிறு பூச்சியே காரணம். கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிற்றுண்ணி காரணம். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாமல் போகலாம். ஆகவே தேடுமுன் செடியை நன்றாகப் பார்க்க வேண்டும். பயிரின் பெயர், பாதிக்கப்பட்ட பகுதி, கண்ட அறிகுறி ஆகிய மூன்றையும் எழுதினால் தேடலின் பாதி வேலை முடிந்துவிடும்.

"என்ரை மிளகாய்க்கன்று ஏன் இப்படி வாடுது" என்பது போன்ற நீண்ட வசனம் வேண்டியதில்லை. "நெல்லில்", "நெல்லுக்கு" என உருபு சேர்ப்பதிலும் பார்க்க "நெல்" என்று தனிப்பெயராக எழுதுவது நல்லது. ஒரே சொல்லைச் சிலர் "உழுந்து" என்றும் சிலர் "உளுந்து" என்றும் எழுதுவர். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடிப் பார்க்க வேண்டும்.

எமது நாட்டுச் சொல்

தமிழில் தேடும்போது வரும் பக்கங்களில் மிகப் பல தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே "உரம்" என்பதை நாம் "பசளை" என்கிறோம். அவர்களுடைய நிலக்கடலை எமக்குக் கச்சான், பப்பாளி எமக்குப் பப்பாசி. அவர்கள் சம்பா, குறுவை என்று பருவங்களைச் சொல்ல, நாம் பெரும்போகம், சிறுபோகம் என்கிறோம். "நிலக்கடலை உரம்" என்று தேடினால் தமிழ்நாட்டுப் பக்கங்களும், "கச்சான் பசளை" என்று தேடினால் இலங்கைப் பக்கங்களும் முன்னுக்கு வர வாய்ப்புண்டு. "இலங்கை" என்ற சொல்லையும் சேர்த்தால் இன்னும் ஒடுங்கும்.

தமிழ்நாட்டுப் பக்கங்களை ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்நோய்கள் பற்றித் தமிழில் விரிவாக வெளியிட்டிருக்கிறது. நோயை இனங்காண அது உதவும். ஆனால் மருந்து, அளவு, விதையினம் ஆகியவற்றை எமது நாட்டுப் பக்கங்களிலேயே பார்க்க வேண்டும். உதாரணமாக, பரகுவாற் என்ற களைநாசினி இலங்கையில் 2008 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டுப் பின்னர் தடைசெய்யப்பட்டது. வேறு நாட்டுப் பக்கமொன்று அதைச் சிபாரிசு செய்தால் அந்த ஆலோசனை எமக்கு ஆகாது.

பெயரும் இலக்கமும்

பொதுச் சொல்லிலும் பார்க்கத் தனிப்பெயர் கூர்மையானது. "நல்ல நெல்" என்று தேடுவதால் பயனில்லை. "பிஜி 300" என்று இனத்தின் பெயரையே எழுத வேண்டும். பிஜி என்பது பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தையும், ஏரி என்பது அம்பலாந்தோட்டை நிலையத்தையும் குறிக்கும். பிஜி 300 மூன்று மாத இனம், பிஜி 352 மூன்றரை மாத இனம்.

பெயர் தெரியாவிட்டால் இரண்டு படியாகத் தேடலாம். முதலில் "உவர் நிலம் நெல் இனம் இலங்கை" என்று தேட வேண்டும். வரும் பக்கங்களில் உவரைத் தாங்கும் இனமாக ஏரி 354 என்ற பெயரைக் காணலாம். பிறகு அந்தப் பெயரையே தேடினால் அதன் வயது, விளைச்சல், விதை பற்றிய விபரங்களைப் பெறலாம். முதல் தேடலில் கிடைத்த சொல்லே இரண்டாம் தேடலின் திறவுகோலாகிறது.

ஆண்டையும் சேர்ப்போம்

பழைய பக்கங்கள் இணையத்திலிருந்து தாமாக மறைவதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. தடை பற்றிய செய்திகள் இன்றும் தேடலில் வருகின்றன. காணி விடயத்தில் இது இன்னும் முக்கியம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்தில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமை, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டது. அதற்கு முந்திய பக்கத்தை வாசிக்கும் ஒரு மகள் தனக்கு உரிமையில்லை என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடக்கூடும். ஆகவே தேடும் சொற்களுடன் ஆண்டையும் எழுதி, திறந்த பக்கத்தின் திகதியையும் பார்க்க வேண்டும்.

மூன்று சிறு அடையாளங்கள்

1. இரட்டை மேற்கோள் அடையாளத்துக்குள் எழுதினால் அச்சொற்கள் அதே ஒழுங்கில் உள்ள பக்கங்களையே தேடும். சட்டங்களின் பெயர், விதையினத்தின் பெயர் ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

2. வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் அடையாளம் இட்டால், அச்சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும். "மரவள்ளி -சமையல்" என்பது உதாரணம்.

3. அரசாங்கத் தளங்களில் மட்டும் தேடுவதற்கு, தேடும் சொற்களின் பின் ஓர் இடைவெளி விட்டு எஸ், ஐ, ரி, ஈ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதி, இரு புள்ளி (:) இட்டு, இடைவெளியின்றி ஜி, ஓ, வி, புள்ளி, எல், கே என்று எழுத வேண்டும்.

வந்ததைச் சோதிப்போம்

எழுதியவர் யார், எந்த நாடு, எந்த ஆண்டு, ஏதாவது விற்க முயல்கிறாரா என்ற நான்கு கேள்விகளை ஒவ்வொரு பக்கத்திடமும் கேட்க வேண்டும். இப்போது சில தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவால் தொகுத்த பதிலொன்றும் மேலே வருகிறது. அது பல நாட்டுப் பக்கங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். அதன் கீழுள்ள மூலப் பக்கத்தைத் திறந்து பாராமல் மருந்தின் அளவை நம்பக் கூடாது.

மருந்துக்குப் பணம் கொடுக்குமுன் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தோ, பிரதேச விவசாயப் போதனாசிரியரைக் கண்டோ ஒருமுறை கேட்பது பாதுகாப்பானது. தேடித் தெரிந்துகொண்ட பெயர்களோடு சென்றால் கேள்வியும் தெளிவாக இருக்கும், பதிலும் தெளிவாகக் கிடைக்கும்.

தட்டச்சுச் செய்யப் பிள்ளைகளுக்குத் தெரியும். நோயின் பெயரும் மண்ணின் குணமும் பெரியவர்களுக்குத் தெரியும். இருவரும் ஒன்றாக இருந்து தேடும் வீட்டில் சரியான சொல் விரைவில் அகப்படும். இந்தப் போகத்தில் உங்கள் தோட்டத்தில் காணும் ஒரு பிரச்சினையை எடுத்து, பயிர், பகுதி, அறிகுறி, நாடு, ஆண்டு என்ற ஒழுங்கில் எழுதித் தேடிப் பாருங்கள். கண்டறிந்ததை அயலில் உள்ள குடும்பங்களுக்கும் சொல்லுங்கள்.