பேச்சை எழுத்தாக்கும் கருவிகள்

மெட்டுகுடா, லாலாகுடா பகுதிகளில் ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. 1966 அக்டோபர் 2-ஆம் தேதி தென்மத்திய ரயில்வே உதயமான காலத்தில் பணியிலிருந்த பெரியவர்களின் அனுபவங்களைப் பேரப்பிள்ளைகள் இன்று கைபேசியில் பதிந்து வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் தமிழைக் கேட்டு எழுதவல்ல கை எங்கே? பழகியவர்க்கே ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நான்கு மணி நேரமாகும். ஆகவே கணிப்பொறியின் துணையை நாடுவது இயல்பே.

எளியது கூகிளின் குரல்வழித் தட்டச்சு. 2017 முதல் தமிழும் அதில் உண்டு. நிதானமாகச் சொல்வதை எழுதும். முற்றுப்புள்ளியை நாமே இடவேண்டும். பழைய ஒலிப்பதிவுக்கு இது அத்துணை ஏற்றதன்று.

ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட 'விஸ்பர்' 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பயின்றது. விலையில்லை; சொந்தக் கணிப்பொறியிலேயே இயங்குவதால் வீட்டுப் பேச்சு வெளியார் கைக்குப் போவதில்லை. எனினும் பேசுவோர் மௌனமாக இருக்குமிடத்தில் சொல்லாத வாக்கியத்தைத் தானே புனைந்து எழுதிவிடும் குணம் இதற்குண்டு. தாத்தா பெருமூச்சு விட்ட இடத்தில் எவருடைய வார்த்தையோ வந்து அமர்ந்தால் என் செய்வது!

சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4 பாரத்' குழுவினர் எடுத்துக்கொண்ட வழி வேறு. 2024-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 22 மொழிகளில் 16,237 பேரின் 7,348 மணி நேரப் பேச்சு அடங்கியுள்ளது; பெரும்பகுதி வாசித்ததன்று, இயல்பாகப் பேசியது. நமக்கு இதுவே முக்கியம். தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது மற்றொன்று அல்லவா? 'வந்துட்டாங்க' என்பதை ஒரு கருவி அப்படியே எழுதும். இன்னொன்று 'வந்துவிட்டார்கள்' என்று திருத்திவிடும். திருத்தமான தமிழ் நமக்கு எதற்கு? பாட்டியின் தமிழ் அல்லவா வேண்டும்!

நூறு சொற்களுக்கு இத்தனை பிழை என்று விளம்பரங்கள் கூறும் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். தமிழில் விகுதி ஒன்று பிசகினாலும் முழுச்சொல்லும் பிழையாகவே எண்ணப்படும். மாறாக, 'லைன் கிளியர்', 'பாயிண்ட்ஸ்மேன்' போன்ற ரயில்வே வழக்குகளும் இடையிடையே புகும் தெலுங்கும் உருதுவும் சிதைந்தால், கணக்கில் சிறிதாயினும் கதையே கெடும். இவ்விடத்தில் எக்கருவியும் மனிதக் காதுக்கு ஈடாகாது.

சந்தா கட்டுமுன் நம் வீட்டுப் பதிவில் ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி, இரண்டு கருவிகளிடம் கொடுத்துப் பாருங்கள். முடிந்தால் பேசியவரிடமே படித்துக் காட்டுங்கள். புரியாத சொல்லுக்கு அவரிடமே பொருள் கேட்டு ஓரத்தில் குறியுங்கள். மூலப் பதிவை, பெயரும் தேதியும் இட்டு, இரண்டு இடங்களில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு இதைவிடச் செம்மையான கருவி வந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.